சுவருக்கும் சாக்கடைக்கும் இடையில்: பெங்களூரில் வீட்டை நீட்டிக் கட்டுவதன் அறிவியல்

நகரத்து மனையில் நிற்கும் வீட்டோடு பின்புறமோ பக்கவாட்டிலோ புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக் கட்டும்போது, அந்த அறையின் பாரத்தைத் தாங்கப்போகும் மண்ணுக்குள் வேறொரு கட்டுமானம் ஏற்கெனவே இருந்து வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். தெருவிலுள்ள எல்லா வீடுகளின் கழிவுநீரையும் ஏந்திச் செல்லும் பொதுக் கழிவுநீர்க் குழாய், அதாவது பாதாள சாக்கடை, அத்தகைய ஒன்று. சுவர் குழாயின்மீது நேராக உட்காராதவரை இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வீட்டுக்காரர் மட்டுமல்லாமல் பல நேரங்களில் கட்டடம் கட்டுபவரும் கருதுவதுண்டு. ஆனால் புதைகுழாய்களைப் பற்றிய பொறியியல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேறொன்றைச் சொல்லி வருகிறது: மண்ணுக்குள் இருக்கும் குழாய் தனியாகச் சுமை தாங்குவதில்லை, அதன் அடியிலும் இருபுறமும் மேலும் உள்ள மண்ணோடு சேர்ந்தே தாங்குகிறது. ஆகவே குழாயைத் தொடாமல் அதன் பக்கத்து மண்ணைத் தோண்டுவதும், அம்மண்ணின்மேல் புதிய பாரத்தை ஏற்றுவதும் அந்தக் குழாயை மாற்றிக் கட்டுவதற்குச் சமமாகும்.

மேட்டிலிருந்து மூன்று பள்ளத்தாக்குகளுக்கு

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு நீர்ப்பிரி மேட்டின்மேல் அமைந்த நகரம். இந்த மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. கிழக்குச் சரிவில் விழும் நீர் ஹெப்பால் பள்ளத்தாக்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகிய இரண்டின் வழியாகத் தட்சிண பினாகினியை, அதாவது தமிழ்நாட்டில் தென்பெண்ணை என வழங்கும் ஆற்றை அடைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது பொங்கி நிற்கும் வெண்ணுரை, பெங்களூரின் கழிவுநீர் எந்தத் திசையில் பயணிக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு மக்களுக்குக் காட்டிக் கொண்டிருக்கிறது.

பெரிய ஆறோ கடலோ அருகில் இல்லாத இந்த மேட்டு நகரம், கழிவுநீரைக் கொண்டுசெல்லப் பெரும்பாலும் புவியீர்ப்பையே நம்பியிருக்கிறது. வீட்டுக் குழாய் தெருக் குழாயிலும், தெருக் குழாய் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பெருங்குழாயிலும் சேர்வதால், நிலத்தின் சரிவை ஒட்டியே குழாய்களின் பாதை அமைந்தாக வேண்டும். மழைநீர் ஓடும் பெரிய ஓடைகளான ராஜகால்வாய்களும் அதே சரிவைப் பின்பற்றுவதால், முதன்மைக் கழிவுநீர்க் குழாய்கள் பல இடங்களில் அக்கால்வாய்களின் ஓரமாகவே செல்கின்றன. எனவே ஒரு மனை பள்ளத்தில் இருக்கும் அளவுக்கு, அதன் அருகே பெரிய குழாய் செல்வதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

குழாய் வீட்டருகே வந்த வழி

பெங்களூரில் பாதாள சாக்கடைத் திட்டம் 1922இல் நகரின் மையப் பகுதிகள் சிலவற்றில் தொடங்கியது. எஞ்சிய பகுதிகளுக்கான விரிவான திட்டம் 1950இல் கையிலெடுக்கப்பட்டது. பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானபின் குடிநீரும் கழிவுநீரும் ஒரே அமைப்பின் பொறுப்பில் வந்தன. பாதாள சாக்கடைக்கு முற்பட்ட காலத்தில், கழிப்பறைக் கழிவை மனிதர்கள் கையால் அள்ளிச் செல்வதற்கென்றே வீடுகளின் பின்புறத்தில் ஒடுக்கமான சந்துகள் விடப்பட்டன. 1898ஆம் ஆண்டு பிளேக் நோய்க்குப்பின் வேகமாக வளர்ந்த மல்லேஸ்வரம் போன்ற பழைய குடியிருப்புகளிலும் கண்டோன்மென்ட் பகுதியிலும் இந்தக் கன்சர்வன்சி சந்துகளை இன்றும் காணலாம். அவை வெறும் சந்துகளாகத் தோன்றினாலும், பின்வீட்டுக் குழாய்கள் செல்ல எளிய பாதையாக அமைந்தவை. வீட்டைப் பின்புறம் நீட்டிக் கட்டுவோரின் கண்ணில் முதலில் படும் காலியிடமும் அவையே.

நகரின் விளிம்பில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பழைய பகுதிகளில் மனைகள் அளந்து விடப்பட்டுத் தெருக்கள் அமைந்தன. விளிம்பிலோ 7 நகரசபைகளும் ஒரு பேரூராட்சியும் 110 கிராமங்களும் 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது, அவற்றுள் பல இடங்களில் வீடுகள் ஏற்கெனவே நெருங்கி எழுந்திருந்தன. பாதாள சாக்கடை அதற்குப் பின்னரே வந்தது. விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்ற ‘ரெவின்யூ சைட்’ பகுதிகளின் ஒடுக்கமான தெருக்களில், சுவருக்கு மிக அருகிலேயே குழாய்களைப் பதிக்க நேர்ந்தது. இந்த 110 கிராமங்களை முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீரை வழங்கும் திறனை நகருக்குச் சேர்த்தது. வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது இந்தியப் பொறியாளர்களின் வழக்கமான கணக்காதலால், குடிநீர் பெருகும் இடத்தில் குழாயின் பாரமும் பெருகுகிறது.

வாட்டத்தின் கணக்கு

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சாய்வே கழிவுநீர்க் குழாயின் உயிர்நாடி. நீர் மெதுவாக ஓடினால் அதிலுள்ள திடக்கழிவும் மணலும் அடியில் படியும். படிந்ததை நீரே அரித்துச் செல்லும் அளவுக்கு வேகம் இருக்க வேண்டும். இதைத் தற்சுத்த வேகம் என்பர்; நொடிக்கு 0.6 மீட்டர் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தெருக் குழாயில் இந்த வேகத்தைப் பெற, மானிங் சூத்திரத்தின்படி ஏறத்தாழ 300க்கு 1 என்ற சாய்வு தேவை. அதாவது 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கிடையே குழாயின் அடிமட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கினால் போதும்.

தேவைப்படும் இறக்கம் இவ்வளவு சிறியது என்பதுதான் ஆபத்தின் தொடக்கம். பெங்களூரின் பழைய சிறு குழாய்களில் பெரும்பாலானவை ஸ்டோன்வேர் எனப்படும், மெருகிட்டுச் சுட்ட மண் குழாய்கள். அவை அமிலத்துக்கு அசையாதவை. ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியாதவை. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டுகளாகப் பதித்தால் இரண்டு குழிகளுக்கிடையே ஏறத்தாழ 50 இணைப்புகள் வரும். ஒவ்வோர் இணைப்பும் தாரில் தோய்த்த சணல் திரியாலும் சிமென்ட் கலவையாலும் அடைக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த மூன்று துண்டுகளில் குழாயின் இறக்கம் மொத்தம் 6 மில்லிமீட்டர் மட்டுமே. புதிய சுவரின் பாரத்தால் அந்த மூன்று துண்டுகளுக்கு அடியிலுள்ள மண் 2 சென்டிமீட்டர் அமிழ்ந்தால், அவ்விடத்தில் குழாயின் வாட்டம் தலைகீழாகிவிடும். வீட்டுச் சுவரில் 2 சென்டிமீட்டர் அமிழ்வு மெல்லிய விரிசலாக மட்டுமே வெளிப்படலாம். குழாயிலோ அது நிரந்தரமாகக் கழிவுநீர் தேங்கும் குட்டையை உண்டாக்குகிறது. அந்தக் குட்டையில் மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படியப்படிய, மேல்தெரு முழுவதற்கும் அடைப்பு அங்கிருந்தே தொடங்கும்.

மண் சுமக்கும் பங்கு

புதைகுழாய் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதை முதன்முதலில் முறையாகக் கணக்கிட்டவர் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த ஆன்சன் மார்ஸ்டன். விளைநிலங்களில் பதித்த வடிகால் குழாய்கள் தொடர்ந்து உடைந்ததன் காரணத்தை ஆராய்ந்த அவரும் அவருடைய சகாவும் 1913இல் வெளியிட்ட முடிவின்படி, குழிக்குள் நிரப்பிய மண் கீழே அமிழ முயலும்போது, குழியின் இரு சுவர்களும் உராய்வின் மூலம் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே குழாயின் தலைக்குமேல் உள்ள மண்ணின் எடை முழுவதும் குழாய்மீது இறங்குவதில்லை. குழி அகலமாக அகலமாக இந்தப் பிடிமானத்தின் பயன் குறைந்து, குழாய் தாங்க வேண்டிய பாரம் கூடுகிறது. கழிவுநீர்க் குழாய்க்கு ஒடுக்கமான குழி வெட்ட வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுவே.

வீட்டை நீட்டிக் கட்டுபவர் அடித்தளத்துக்காகக் குழாயின் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டும்போது, பல ஆண்டுகளாகக் குழாயின் பாரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த அந்தக் குழிச்சுவர்களுள் ஒன்று இல்லாமற்போகிறது. பள்ளம் திறந்திருக்கும் நாட்களில் குழாயின் ஒருபக்கத்து அணைப்பு விலகி, குழாய் பக்கவாட்டில் நகர இடம் கிடைக்கிறது. வேலை முடிந்து, திமிசுபோட்டுக் கெட்டிக்காமல் தளர்வாக மண்ணைத் தள்ளி மூடியபின், பழைய ஒடுக்கமான குழி இருந்த இடத்தில் அகலமான நிரப்பு மண் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியிராது. குழாய் தாங்கும் பாரமோ முன்பிருந்ததல்ல.

அடுத்தது கட்டடத்தின் சொந்தப் பாரம். ஒரு தூணின் அடிமானம் மண்ணில் செலுத்தும் அழுத்தம் நேர்கீழாக மட்டும் இறங்காமல், ஆழத்துக்கேற்பப் பக்கவாட்டில் விரிந்துகொண்டே குறைகிறது. ஒவ்வொரு 2 மீட்டர் ஆழத்துக்கும் இருபுறமும் 1 மீட்டர் வீதம் அழுத்தம் விரிவதாகக் கொள்வது பொறியாளர்களின் எளிய மதிப்பீடு. ஓர் எடுத்துக்காட்டாக, 1.5 மீட்டர் ஆழத்தில் 1.5 மீட்டர் சதுர அடிமானம் ஒன்று 30 டன் பாரத்தைத் தாங்குகிறது என்று கொண்டால், அதன் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13 டன், இன்னும் 1.5 மீட்டர் கீழே போனால் பாரம் 3 மீட்டர் சதுரத்துக்கு விரிந்து, அழுத்தம் 3.3 டன்னாகக் குறைகிறது. தரைமட்டத்திலிருந்து 3 மீட்டர் ஆழமுள்ள அந்த இடத்தில் மண்ணின் இயல்பான அழுத்தமே சதுர மீட்டருக்கு 5 முதல் 5.5 டன்தான் இருக்கும். அங்கே ஒரு குழாய் சென்றால், அதைச் சுற்றிய மண்ணின் அழுத்தம் ஒரே தூணால் பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது.

இதனால்தான் அடிமானத்தின் விளிம்பிலிருந்து 45 பாகைக் கோணத்தில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்து, குழாய் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுகிறதா என்று பார்ப்பது பொறியாளர்களின் முதல் சோதனையாக இருக்கிறது. அடிமானம் 1 மீட்டர் ஆழத்திலும் குழாயின் அடிமட்டம் 2.5 மீட்டர் ஆழத்திலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே கிடைமட்டத்தில் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் அடிமானத்தைக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழ்வரை இறக்க வேண்டும். அல்லது குழாயின் இருபுறமும் ஆழமான பைல்களை இறக்கி, அவற்றின்மேல் உத்திரம் போட்டுச் சுவரின் பாரத்தைக் குழாயைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும்.

செம்மண்ணும் கசிவும்

பெங்களூரின் அடியில் இருப்பது தீபகற்ப நைஸ் எனப்படும் மிகத் தொன்மையான பாறை. லால்பாக் குன்றில் அது வெளியே தலைநீட்டி நிற்பதைக் காணலாம். இப்பாறை சிதைந்து உண்டான செம்மண், மணலும் வண்டலும் களியும் கலந்தது. ஈரம் குறைவாக இருக்கும்போது, துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதால், இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கிறது. கட்டடத் தொழிலாளர்கள் பல அடி ஆழப் பள்ளங்களை முட்டுக்கொடுக்காமலே வெட்டத் துணிவதற்கு இந்தத் தோற்ற வலிமையே காரணம். மண் நீரால் நிறைந்தவுடன் அந்த இழுவிசை மறைந்துபோகிறது. நேற்றுவரை நின்ற சுவர் சரிகிறது.

கசியும் கழிவுநீர்க் குழாய் இந்த மண்ணை ஆண்டு முழுவதும் நனைத்துக்கொண்டே இருக்கிறது. இணைப்பு ஒன்றில் விரிசல் விட்டபின் நடப்பது படிப்படியான அரிப்பு. குழாய் நிரம்பி அழுத்தம் ஏறும்போது கழிவுநீர் விரிசல் வழியே வெளியேறி மண்ணைக் கரைக்கிறது. மட்டம் இறங்கியதும் அந்த நீர் நுண்மண்ணைச் சுமந்துகொண்டு குழாய்க்குள் திரும்புகிறது. ஒவ்வொரு காலை நேரப் பெருக்கிலும், ஒவ்வொரு மழையிலும் இது மீண்டும் நிகழ்வதால் குழாயின் அருகே ஒரு வெற்றிடம் உருவாகி மேல்நோக்கி வளர்கிறது. தெருவின் நடுவில் அது திடீர்ப் பள்ளமாகத் தோன்றும். வீட்டை ஒட்டி நிகழ்ந்தால், அடிமானத்தின் ஒரு மூலை அந்தரத்தில் நிற்கும். வீடு குழாயைக் கெடுப்பதும், கெட்ட குழாய் வீட்டைக் கெடுப்பதும் இவ்வாறு ஒரே சுழலாகின்றன.

பெங்களூர் வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. காவிரி நீர் பல பகுதிகளில் நாள் முழுவதும் வருவதில்லையாதலால், வீட்டின் முன்புறமோ பக்கவாட்டிலோ தரைக்கடியில் ‘சம்ப்’ எனப்படும் நீர்த்தொட்டி இருப்பது இந்நகரின் வழக்கம். வீட்டை நீட்டும்போது காலியிடம் சுருங்கி, சம்பும் கழிவுநீர்ச் சோதனைத் தொட்டியும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சம்பில் நீர்மட்டம் குறைந்திருக்கும் வேளையில் வெளியே மண்ணில் கசிந்து நிற்கும் கழிவுநீரின் மட்டம் அதைவிட உயரமாக இருந்தால், தொட்டியின் சுவரிலுள்ள மயிரிழை விரிசல்கூட அதற்கு வழிவிடும். குடிநீர்க் குழாயில் நீர் வராத நேரத்திலும் இதே விதி பொருந்தும். உள்ளே அழுத்தமில்லாத குழாய் வெளியே இருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது.

வாயுவும் மூடியும்

தேங்கிய கழிவுநீரில் உயிர்வளி தீர்ந்தபின், குழாயின் சுவரில் படிந்த பாசிபோன்ற படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமுள்ள இந்த வாயு, செறிவு கூடும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று பொருள்கொள்ள முடியாது. கான்கிரீட் குழாய்களிலும் குழிகளிலும் இவ்வாயு மேல்பகுதியின் ஈரத்தில் கரைந்து, வேறு வகைப் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டை மாவுபோல் உதிரச் செய்கிறது. இந்த அரிப்புக்குப் பாக்டீரியாக்களே காரணம் என்பதை 1945இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சி. டி. பார்க்கர் நிறுவினார். எனவே வாட்டம் கெட்ட குழாயின் தீங்கு அடைப்போடு நிற்காமல், கீழ்த்தெருவின் கான்கிரீட் குழாய்வரை தொடர்கிறது.

இந்த வாயு வெளியேறவும், அடைப்பை நீக்கும் இயந்திரத்தின் குழல் உள்ளே போகவும் ஆள்நுழைவுக் குழிகள் திறந்து மூடக்கூடியவையாக இருக்க வேண்டும். புதிய அறையின் தரைக்கடியில் ஒரு குழி அடங்கிவிட்டால், 30 மீட்டருக்கு ஒன்று என்றிருந்த வழி 60 மீட்டருக்கு ஒன்றாகிறது. வாரியத்தின் ஜெட்டிங் இயந்திரத்துக்கு எட்டாத அடைப்புகள் அங்கே உருவாகின்றன. இயந்திரத்துக்கு எட்டாத இடத்துக்கு மனிதரை அனுப்பும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தபின்னும் பெங்களூர் உட்பட இந்திய நகரங்களில் குழிக்குள் உயிர்கள் போயின. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இவ்வழக்கத்தை நிறுத்துமாறு ஆணையிட்டது. ஒரு வீட்டின் தரை ஓட்டுக்கடியில் மறைக்கப்படும் குழிமூடி, யாரோ ஒருவரின் மூச்சோடு தொடர்புடையது என்பது மிகைப்படுத்திய கூற்றன்று.

மழை நாளின் கணக்கு

பெங்களூரில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் வீட்டை நீட்டிக் கட்டும்போது மொட்டைமாடியின் பரப்பு கூடுகிறது. மழைநீர் இறங்கும் குழாயை மிக அருகிலுள்ள கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடுவது எளிதாக இருக்கிறது. இதன் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். 100 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் மழை, ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர் நீரைத் தரும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர் என்று கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு நாளில் வெளியேற்றுவது 540 லிட்டர். ஆகவே அந்த ஒரு மாடி, ஒன்பது நாட்களின் கழிவுநீரை ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் செலுத்துகிறது. 200 மில்லிமீட்டர் குழாய் முழுதும் நிரம்பித் தற்சுத்த வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு ஏறத்தாழ 19 லிட்டருக்குமேல் கடத்தாது. இத்தகைய 14 மாடிகள் அதை நிரப்பப் போதுமானவை.

நிரம்பிய குழாயில் நீர்மட்டம் ஆள்நுழைவுக் குழிகளில் ஏறுகிறது. தெருவிலுள்ள குழிமூடியின் மட்டத்துக்குக் கீழே தரை அமைந்த குளியலறை எந்த வீட்டில் உள்ளதோ, அந்த வீட்டின் தரைத்துளை வழியாகவே கழிவுநீர் முதலில் மேலெழும். பின்புறச் சரிவில், பழைய தரையைவிடத் தாழ்வாக நீட்டிக் கட்டிய குளியலறைகளுக்கு இது அடிக்கடி நேர்வதன் இயற்பியல் இவ்வளவே. எதிர்த்திசை ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது ஓரளவு காக்கும். குளியலறைத் தரையைத் தெருக் குழிமூடியைவிட உயர்த்திக் கட்டுவது அதைவிட உறுதியான காப்பு. மாடி மழைநீரைக் குழாயில் விடுவதற்குப் பதிலாகச் சேமிப்பதையோ நிலத்தடிக்கு அனுப்புவதையோ 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெங்களூரில் கட்டாயமாக்கியது. 30க்கு 40 அடி மனையில் புதிதாக எழும் வீடுகளுக்கும் அது பொருந்தும்.

ராஜகால்வாயின் ஓரம்

குழாய்க்குப் பொருந்தும் வாதம் திறந்த ராஜகால்வாய்க்கு இன்னும் பெரிய அளவில் பொருந்துகிறது. கால்வாய்களை முதன்மை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எனப் பிரித்து, நடுக்கோட்டிலிருந்து முறையே 50, 25, 15 மீட்டர் இடைவெளியை 2015ஆம் ஆண்டுக்கான திருத்திய பெருந்திட்டம் வகுத்திருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதத்தில் இதை விளிம்பிலிருந்து 50, 35, 25 மீட்டர் என விரித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விரிவாக்கத்தை நீக்கிப் பெருந்திட்டத்தின் அளவுகளையே நிலைநிறுத்தியது. இடைப்பட்ட 2016 ஆகஸ்டில், அவனி சிருங்கேரி நகரில் ராஜகால்வாயின்மேல் எழுந்ததாக மாநகராட்சி கண்ட வீடுகள் இடிக்கப்பட்டன. மனைப் பத்திரமும் கட்ட அனுமதியும் வைத்திருந்தவர்களுக்கும் அந்த இடிப்பு நேர்ந்தது. 2022 செப்டம்பர் 4, 5 தேதிகளில் நகரில் 130 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்தபோது மகாதேவபுரா பகுதியின் விலையுயர்ந்த குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. கால்வாய்கள் ஒடுங்கியதே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டு, இடிப்பு மீண்டும் தொடங்கியது. விதிமுறை எண்கள் மாறிக்கொண்டே இருக்கலாம்; நீர் செல்லத் தேவைப்படும் குறுக்குவெட்டுப் பரப்பு விதிமுறையைக் கேட்டு மாறுவதில்லை.

கட்டுவதற்கு முன்

குழாயின் அருகே கட்டவே கூடாது என்பது அறிவியலின் முடிவன்று. வீட்டுத் தோட்டங்களுக்கடியில் பொதுக் குழாய்கள் செல்வது வழக்கமாக உள்ள இங்கிலாந்தில், குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டுவோர் கழிவுநீர் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். தேவைப்பட்டால் கட்டுவதற்கு முன்னும் பின்னும் குழாய்க்குள் கேமராவை அனுப்பி நிலையைப் பதிவு செய்கின்றனர். பொதுக் குழாயின்மேல் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதை இந்திய நகராட்சிச் சட்டங்களும் பொதுவாகத் தடைசெய்கின்றன. குறையாக இருப்பது குழாய் எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற அறிவுதான்.

அந்த அறிவைப் பெறுவது கடினமன்று. அடுத்தடுத்த இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கிடையே குழாய் நேர்க்கோட்டில் பதிக்கப்படுவது வழக்கம். ஆகவே இரண்டு மூடிகளின் நடுவையும் ஒரு கயிற்றால் இணைத்தால் குழாயின் பாதை தரையிலேயே தெரியும். வாரிய ஊழியர் மூடியைத் திறந்து இரு குழிகளிலும் ஆழத்தை அளந்தால், இடையில் எந்த இடத்திலும் குழாயின் ஆழத்தைக் கணக்கிடலாம். வாயு அபாயம் இருப்பதால் வீட்டுக்காரர் தாமாக மூடியைத் திறக்கக் கூடாது. அந்த ஆழத்தைக் கொண்டு 45 பாகைக் கோட்டை வரைந்து பார்த்தபின்னரே அடிமானத்தின் ஆழத்தையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். குழாயை நெருங்கும் இடங்களில் ஜேசிபி இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டுவதும், சுவரைத் துளைத்துச் செல்லும் வீட்டுக் குழாயைச் சுற்றி 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மேலே லிண்டல் வைப்பதும், பள்ளத்தை அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடுவதும், எந்தக் குழிமூடியையும் கூரைக்கடியில் அடக்காமலிருப்பதும் செலவு குறைந்த, பலன் நிறைந்த ஏற்பாடுகள்.

2025 செப்டம்பரில் பெங்களூரின் ஒரே மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின்கீழ் ஐந்து மாநகராட்சிகள் தோன்றிவிட்டன. கட்ட அனுமதி தரும் அலுவலகங்கள் மாறியிருக்கின்றன. கட்டட வரைபடம் ஓர் அலுவலகத்திலும் கழிவுநீர்க் குழாய் வரைபடம் வேறோர் அலுவலகத்திலும் இருக்கும்வரை, ஒன்றின்மேல் மற்றொன்றை வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் உரியதாகாமல் போகும். அனுமதிக்கான விண்ணப்பத்திலேயே அருகிலுள்ள குழாயின் தூரத்தையும் ஆழத்தையும் குறிக்க வேண்டும் என்ற ஒரு விதியை இந்தப் புதிய மாநகராட்சிகள் கொண்டுவந்தால், பல கோடி ரூபாய்த் திட்டங்களால் ஆகாத பாதுகாப்பு ஒரு தாளில் கிடைத்துவிடும். அதுவரை, வீட்டை நீட்ட நினைப்பவர்கள் கொத்தனாரிடம் செலவைக் கேட்பதற்கு முன் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் குழாயின் ஆழத்தைக் கேட்டு அறிய வேண்டும்.